‘ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்’: எந்த எபிசோட் முதலிடம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன தொடர்? பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

பிபிசியில் 1981 செப்டம்பர் 8 அன்று தொடங்கிய நகைச்சுவைத் தொடர். கதை நடக்கும் இடம் தெற்கு லண்டனின் பெக்கம் பகுதி. நெல்சன் மண்டேலா ஹவுஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் ட்ராட்டர் குடும்பம் வசிக்கிறது. அண்ணன் டெரிக், ஊருக்கெல்லாம் டெல் பாய். டேவிட் ஜேசன் நடித்தார். தம்பி ராட்னியாக நிக்கலஸ் லிண்ட்ஹர்ஸ்ட். இருவருக்கும் பதின்மூன்று வயது வித்தியாசம். அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார், அப்பா வீட்டை விட்டு ஓடிவிட்டார், தம்பியை ஆளாக்கியது அண்ணன்தான். கூடவே ஒரு தாத்தா. மூன்று சக்கர மஞ்சள் வேனில் சரக்கை ஏற்றிப்போய்ச் சந்தையில் விற்பது பிழைப்பு. ரசீது கிடையாது, வரி கிடையாது, சரக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கவும் கூடாது. "அடுத்த வருஷம் இந்நேரம் நாம் கோடீஸ்வரர்கள்" என்று டெல் பாய் மட்டும் சொல்லிக்கொண்டே இருப்பான்.

எழுதியவர் ஜான் சல்லிவன். அவரும் தெற்கு லண்டன்காரர். பிபிசியில் செட் சாமான்களைத் தூக்கி வைக்கும் வேலையில் இருந்து எழுத்தாளர் ஆனவர். அத்தனை எபிசோடையும் அவர் ஒருவரே எழுதினார். இரண்டாவது சீசனில் இருந்து வரும் தொடக்கப் பாட்டை எழுதிப் பாடியவரும் அவர்தான்.

மொத்தம் எத்தனை எபிசோட்?

64. வாரத் தொடராக ஏழு சீசன், 1991 வரை. அதன் பிறகு கிறிஸ்துமஸ் சிறப்பு எபிசோடுகள் மட்டும். கடைசியாக வந்தது 2003 டிசம்பர் 25. நம் ஊரில் தீபாவளி அன்று குடும்பமே டிவி முன்னால் உட்காருவது மாதிரி, பிரிட்டனில் கிறிஸ்துமஸ் மாலைக்கு ஒரு டிவி சடங்கு உண்டு. பல வருடம் அந்த இடத்தைப் பிடித்து வைத்திருந்தது இந்தத் தொடர்தான்.

இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். முதல் ஐந்து சீசன்களில் எபிசோட் அரை மணி நேரம். 1989-இல் ஆறாவது சீசனில் இருந்து ஐம்பது நிமிடம் ஆனது. ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவது இங்கேதான். ஒரு கட்சிக்குத் தாத்தா இருந்த அரை மணி நேரக் காலம்தான் சொர்க்கம். மற்றக் கட்சிக்கு ராட்னிக்குக் காதல் வந்து, டெல்லுக்கு ரக்கேல் என்ற துணை வந்து, கதை வளர்ந்த பிற்காலம்தான் உச்சம். பிடித்த எபிசோட் எது என்று ஒருவர் சொன்னதுமே அவர் எந்தக் கட்சி என்று தெரிந்துவிடும்.

சரி, எந்த எபிசோடைத்தான் அதிகம் பேர் சொல்கிறார்கள்?

எந்தப் பட்டியலை எடுத்தாலும் திரும்பத் திரும்ப வருபவை: ‘அ டச் ஆஃப் கிளாஸ்’ (1982), ‘யப்பி லவ்’ (1989), ‘த ஜாலி பாய்ஸ் அவுட்டிங்’ (1989), ‘ஹீரோஸ் அண்ட் வில்லன்ஸ்’ (1996), ‘டைம் ஆன் அவர் ஹேண்ட்ஸ்’ (1996).

ஆனால் இந்த வாக்குகளில் பாதியை நான் நம்புவதில்லை. பலர் எபிசோடுக்கு வாக்களிப்பதில்லை, ஒரு நிமிடக் காட்சிக்கு வாக்களிக்கிறார்கள். சரவிளக்கு விழுவது, டெல் பாய் பாரில் விழுவது, பேட்மேனும் ராபினும் பனிமூட்டத்தில் ஓடுவது. இந்த மூன்றையும் தொடரைப் பார்க்காதவர்கள்கூடப் பார்த்திருப்பார்கள். மற்ற நிமிடங்களில் என்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள், திருதிருவென்று விழிப்பார்கள்.

என்னைக் கேட்டால், இந்தத் தொடர் ஓர் அண்ணன் தம்பி கதை. அந்த உறவு எந்த எபிசோடில் இறுக்கமாகப் பிடிபட்டிருக்கிறதோ அதுதான் நல்ல எபிசோட். விழுகிற காட்சிகள் எல்லாம் போனஸ்.

சரவிளக்குக் காட்சியைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

அது போனஸ் இல்லை. ‘அ டச் ஆஃப் கிளாஸ்’ எபிசோட் முழுவதுமே அந்த ஒரு நொடிக்காகக் கட்டியது.

ஏலத்தில் இருந்து திரும்பும் வழியில், கார் பழுதாகி நிற்கும் ஒரு சீமாட்டிக்கு ட்ராட்டர்கள் உதவுகிறார்கள். (ஏலத்தில் டெல் எடுத்த சரக்கு என்ன தெரியுமா? நாய்க்குட்டியின் விலையை விசாரிக்கும் பழைய பாட்டைப் பாடுகிற பீங்கான் பூனை பொம்மைகள்.) அவருடைய மாளிகைக்குப் போனால், அங்கே பிரபு போனில் சரவிளக்கு சுத்தம் செய்யும் கூலியைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருக்கிறார். அது டெல் காதில் விழுகிறது. அடுத்த நிமிடமே இவர்கள் பரம்பரைச் சரவிளக்கு நிபுணர்கள் ஆகிவிடுகிறார்கள்.

வேலை நாள். கூடத்தில் இரண்டு விளக்குகள். ஒன்றின் கீழே ஆளுக்கொரு ஏணியில் டெல்லும் ராட்னியும் துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். மாடியில் பலகையைப் பெயர்த்துத் தாத்தா போல்ட்டைக் கழற்றுகிறார். டெல் கத்துகிறான், தாத்தா சுத்தியால் தட்டுகிறார், இருவரும் தலைக்கு மேலே தொங்கும் விளக்கையே பார்த்துக்கொண்டு பல்லைக் கடிக்கிறார்கள். பார்க்கிற நாமும் அதையே பார்க்கிறோம். அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் இன்னொரு விளக்கு பொத்தென்று விழுந்து சுக்குநூறாகிறது.

விழுந்த பிறகு இருவரும் திரும்பிப் பார்க்காமல் இருக்கும் அந்த இரண்டு மூன்று நொடியைக் கவனியுங்கள். துணி இன்னும் கையில். முகத்தில் பயம்கூட இல்லை, வெறுமை மட்டும். சத்தம் காதுக்குப் போய்விட்டது, மூளைக்கு இன்னும் போகவில்லை.

இதை எடுத்தது ஒரே டேக்கில். உடைந்தால் இன்னொன்றுக்கு வழியில்லை. லிண்ட்ஹர்ஸ்ட் சிரித்தால் வேலை போய்விடும் என்று தயாரிப்பாளர் ரே பட் மிரட்டி வைத்திருந்தாராம். கதைக்கு வித்து சல்லிவனின் அப்பாவிடம் இருந்து வந்தது. பிளம்பராக இருந்த அவர், வேலைக்குப் போன ஒரு மாளிகையில் இப்படித்தான் வேறு விளக்கு விழுந்தது என்று மகனிடம் சொல்லியிருக்கிறார். அங்கே ஆட்களுக்கு வேலை போனது. மகன் விழுந்து விழுந்து சிரித்தானாம், அப்பாவுக்குக் கோபம்.

டெல் பாய் பாரில் விழும் காட்சிதான் பிரிட்டிஷ் டிவியிலேயே சிறந்த நகைச்சுவைக் காட்சி என்கிறார்களே?

அப்படிச் சொல்பவர்கள் நிறையப் பேர். 1989 ஜனவரி 8 அன்று வந்த ‘யப்பி லவ்’ எபிசோடில் அது இருக்கிறது. பங்குச் சந்தைப் பணக்காரர்களைப் பார்த்து டெல்லுக்கு ஆசை வந்துவிடுகிறது. பெரிய மனுஷன் மாதிரி கோட்டு, பெட்டி, டைரி சகிதம் ஒரு வைன் பாருக்குப் போகிறான், நண்பன் ட்ரிகரை இழுத்துக்கொண்டு. இரண்டு பெண்கள் பார்க்கிற மாதிரி இருக்கிறது. நிதானமாக, அலட்டிக்கொள்ளாமல் நிற்க வேண்டும் என்று ட்ரிகருக்குப் பாடம் எடுக்கிறான். அதற்குள் பார் ஊழியர் கவுன்டரின் மடக்குப் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே வருகிறார். டெல் பழையபடி சாய்கிறான். சாய அங்கே ஒன்றும் இல்லை.

இதில் டேவிட் ஜேசனின் திறமை எங்கே இருக்கிறது என்றால், அவர் பிடிமானம் தேடவில்லை. யாராக இருந்தாலும் விழும்போது கையை நீட்டுவோம், கண் தரையைப் பார்க்கும். இவர் முகத்தில் அந்த மிதப்பு மாறாமல், பலகை சாய்கிற மாதிரி நேராகப் பக்கவாட்டில் போகிறார். பால்ஹமில் ஒரு பாரில் ஒருவர் கிட்டத்தட்ட இப்படி விழப்பார்த்ததைச் சல்லிவன் கண்ணால் பார்த்திருக்கிறார். அந்த ஆள் சமாளித்து நின்றுவிட்டார். டெல் சமாளிக்கக் கூடாது என்பதுதான் ஜேசனின் முடிவு.

அப்புறம் ட்ரிகர். ரோஜர் லாய்ட் பேக் அந்த நேரம் வேறு பக்கம் பார்க்கிறார். திரும்பினால் ஆளைக் காணோம். அந்தக் குழப்பத்துக்கு நான் பாதி மதிப்பெண் தருவேன்.

எபிசோடாக? நல்ல எபிசோட்தான். பின்னால் தன் மனைவியாகப் போகும் கஸாண்ட்ராவை ராட்னி முதல்முறையாகச் சந்திப்பது இதில். ஆனால் என் முதல் ஐந்தில் வராது.

உங்கள் முதலிடம் எது?

‘ஸ்ட்ரெய்ன்ட் ரிலேஷன்ஸ்’, 1985 பிப்ரவரி 28.

இதன் பின்னணி தெரியாமல் பார்த்தால் பாதிதான் புரியும். தாத்தாவாக நடித்த லெனர்ட் பியர்ஸ் 1984 டிசம்பரில் மாரடைப்பால் இறந்துபோனார். நான்காவது சீசன் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்த நேரம். வேறு நடிகரை அதே வேடத்தில் போடுவதைச் சல்லிவன் விரும்பவில்லை. தாத்தாவும் இறந்துவிட்டதாக எழுதினார். நகைச்சுவைத் தொடரில் ஓர் எபிசோட் சவ அடக்கத்தில் தொடங்குகிறது. நடிப்பவர்கள் எல்லோருக்கும் அது உண்மையான துக்கம்.

சிரிப்பை எங்கே வைப்பது? குழிக்குள் தாத்தாவின் தொப்பியைப் போட்டு இருவரும் விடைகொடுக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் பாதிரியார் தன் தொப்பியைத் தேடுகிறார். அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அவ்வளவுதான். அழுதுகொண்டிருந்த வீட்டில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டால் எல்லோருக்கும் மூச்சு வருமே, அந்த மாதிரி ஓர் இடம்.

ஆனால் நான் முதலிடம் கொடுப்பது அதற்காக இல்லை. அடக்கம் முடிந்து வந்தவர்களோடு டெல் குடித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறான். ராட்னிக்குப் பொறுக்கவில்லை, எப்படி அதற்குள் மீண்டுவிட்டாய் என்று அண்ணன் மேல் பாய்கிறான். மீள்வதா, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையடா என்கிறான் டெல். ஊரே தன்னைச் சிரித்த முகமாகப் பார்த்துப் பழகிவிட்டது, எப்படி அழுவது என்றே தனக்குத் தெரியவில்லை என்று கொட்டித் தீர்க்கிறான். வீட்டுக்கு மூத்தவனாகப் பிறந்தவர்கள் இந்தக் காட்சியைத் தனியாகப் பாருங்கள்.

தாத்தாவா, ஆல்பர்ட்டா? யார் நன்றாக இருந்தார்?

முடியாத வழக்கு. தாத்தா இறந்த பிறகு வீட்டுக்கு வந்த ஆல்பர்ட், அவருடைய தம்பி. நம் கணக்குப்படி பையன்களுக்குச் சின்னத் தாத்தா, ஆனால் எல்லோருக்கும் ‘அங்கிள்’தான். வெள்ளைத் தாடி, கடற்படைக் கதைகள், "போர்க் காலத்திலே..." என்று வாயைத் திறந்தாலே அறையில் இருப்பவர்கள் நெளிவார்கள். நடித்த பஸ்டர் மெரிஃபீல்டு அதற்கு முன்பு பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர்.

சோம்பேறித்தனத்தையே கலையாக்கியவர் என்ற வகையில் தாத்தாதான் எனக்குப் பிடித்தவர். ஆனால் ஆல்பர்ட் எப்படி வீட்டுக்குள் ஏற்றுக்கொள்ளப்படுகிறார் என்பதற்கு ‘ஹோல் இன் ஒன்’ எபிசோடைப் பாருங்கள். மதுக்கடை நிலவறைக்குள் அவர் விழுகிறார், நஷ்டஈடு கேட்டு டெல் கோர்ட்டுக்குப் போகிறான், இதே மாதிரி அவர் ஏற்கெனவே பல முறை விழுந்து காசு பார்த்தவர் என்று அங்கே அம்பலமாகிறது. எதற்காக இந்த முறை விழுந்தார் என்றால், அண்ணனின் கல்லறைக் கல்லுக்குப் பணம் வேண்டும். லெனர்ட் பியர்ஸுக்காக எழுதிய கதை அது, அவர் மறைந்த பிறகு திருத்தியது.

அழ வைக்கும் எபிசோடுகள் வேறு உண்டா?

‘லிட்டில் பிராப்ளம்ஸ்’, 1989 பிப்ரவரி 12. ராட்னியின் கல்யாணம். தம்பியின் புது வீட்டு முன்பணத்துக்கு 2000 பவுண்டு தருவதாக டெல் வாக்குக் கொடுத்திருக்கிறான். அதே தொகையைக் கேட்டு டிரிஸ்கோல் சகோதரர்கள் என்ற இரண்டு ரவுடிகள் கழுத்தில் கத்தி வைக்கிறார்கள். பணத்தைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு அடியை வாங்கிக்கொள்கிறான் அண்ணன். வீங்கிய முகத்தோடு கல்யாணத்தில் நிற்கிறான். எல்லோரும் போன பிறகு காலியான கூடத்தில் தனியாக நிற்கும் டெல், பின்னணியில் சிம்ப்ளி ரெட் குழுவின் பாட்டு. ஒரு வசனம் கிடையாது. அக்காவோ தம்பியோ கல்யாணமாகிப் போன அன்று மண்டபத்தில் நாற்காலி மடக்கியவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

1996 கிறிஸ்துமஸ் மூன்று எபிசோடுகளில் எது சிறந்தது?

மூன்றும் சேர்ந்து ஒரே படம் மாதிரி: டிசம்பர் 25-இல் ‘ஹீரோஸ் அண்ட் வில்லன்ஸ்’, 27-இல் ‘மாடர்ன் மென்’, 29-இல் ‘டைம் ஆன் அவர் ஹேண்ட்ஸ்’.

முதலாவதில்தான் பேட்மேன், ராபின். மாறுவேட விருந்துக்குப் போகும் வழியில் வேன் நின்றுவிடுகிறது. வேறு வழியில்லாமல் அந்த வேஷத்தோடே பனிமூட்டத் தெருவில் ஓடுகிறார்கள். வழியில் ஒரு பெண்மணியை மடக்கிய திருடர்கள் இந்த இரண்டு பேரையும் பார்த்துவிட்டு ஓட்டம் எடுக்கிறார்கள். விருந்துக்குப் போய்ச் சேர்ந்தால் அது துக்க வீடு. விருந்து வைக்க இருந்தவர் இறந்துவிட்டார். எல்லோரும் கறுப்பு உடையில், இவர்கள் முகமூடியில்.

மூன்றாவதை 2 கோடியே 43 லட்சம் பேர் பார்த்தார்கள். பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர்களில் அதுவரை யாரும் தொடாத எண்ணிக்கை. அதில் ட்ராட்டர்கள் நிஜமாகவே கோடீஸ்வரர்கள் ஆகிறார்கள். கராஜில் குப்பையோடு குப்பையாகக் கிடந்த பழைய கடிகாரம் ஜான் ஹாரிசன் செய்தது என்று ரக்கேலின் அப்பா கண்டுபிடிக்கிறார். கடலில் தீர்க்கரேகையைக் கணிக்கும் கடிகாரத்தை 18-ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய அதே ஹாரிசன். கடிகாரம் கற்பனை, மனிதர் நிஜம். சதபீஸ் ஏலத்தில் 62 லட்சம் பவுண்டு. கேட்டதும் மயக்கம்.

பலர் இந்த ஏலத்தைச் சொல்வார்கள். நான் சொல்வது அதே எபிசோடில் வரும் லிஃப்ட் காட்சி. ‘மாடர்ன் மென்’ முடிவில் கஸாண்ட்ராவுக்குக் கரு கலைந்துவிடுகிறது. ராட்னி அதைப் பற்றி யாரிடமும் வாய் திறப்பதில்லை. நெல்சன் மண்டேலா ஹவுஸில் லிஃப்ட் நிற்பது சகஜம். அன்றும் அண்ணனும் தம்பியும் உள்ளே இருக்கும்போது நின்றுவிடுகிறது. வேறு போக்கிடம் இல்லாமல் ராட்னி மெல்லப் பேச ஆரம்பிக்கிறான், உடைகிறான், கொஞ்சம் லேசாகிறான். பேசி முடித்ததும் டெல் லிஃப்டை ஓட விடுகிறான். நிறுத்தியதே அவன்தான்! இருபது வருட வியாபாரத் தந்திரத்தில் இந்த ஒரு தந்திரத்துக்கு மட்டும் லாபக் கணக்கு கிடையாது.

ட்ரிகரின் துடைப்பம் என்றால் என்ன?

மேலே சொன்ன ‘ஹீரோஸ் அண்ட் வில்லன்ஸ்’ எபிசோடில்தான். தெருக்கூட்டும் ட்ரிகருக்கு, இருபது வருடமாக ஒரே துடைப்பத்தைப் பயன்படுத்திச் செலவை மிச்சப்படுத்தியதற்காக உள்ளாட்சி மன்றம் பதக்கம் தருகிறது. பெருமையாகச் சொல்கிறான்: இந்தத் துடைப்பத்துக்கு 17 முறை தலை மாற்றியிருக்கிறேன், 14 முறை கைப்பிடி மாற்றியிருக்கிறேன். பின்னே அது எப்படி அதே துடைப்பம் என்று கேட்டால், ஆதாரமாகப் போட்டோவைக் காட்டுகிறான். தத்துவ வகுப்புகளில் பழங்காலக் கிரேக்கக் கப்பல் ஒன்றின் பலகைகளை மாற்றி மாற்றிக் கேட்கும் அதே கேள்வி. பிரிட்டனில் இப்போது கப்பலுக்குப் பதில் ட்ரிகரின் துடைப்பம் என்றே சொல்பவர்கள் உண்டு.

1996-ஓடு தொடரை முடித்திருக்க வேண்டும் என்கிறார்களே, சரியா?

சரி என்றுதான் எனக்கும் படுகிறது. டெல், ராட்னி, ஆல்பர்ட் மூவரும் சூரிய அஸ்தமனத்தை நோக்கி நடந்து போவதோடு 1996-இல் கதை நிறைவாக முடிந்திருந்தது. 2001-இல் திரும்பி வந்தார்கள், சம்பாதித்ததை எல்லாம் தொலைத்துவிட்டு. அதற்குள் பஸ்டர் மெரிஃபீல்டு இல்லை, மதுக்கடை மைக்காக நடித்த கென்னத் மெக்டொனால்டும் இல்லை. பணக்காரர்களாக விட்டவர்களை மறுபடி அதே ஃபிளாட்டுக்கு அனுப்பியதில் பலருக்கு மனசு வரவில்லை.

ஆனாலும் 2003-இல் வந்த கடைசி எபிசோடை ஒதுக்கிவிடாதீர்கள். தன் அப்பா யார் என்று ராட்னிக்குத் தெரியவருகிறது. மகள் பிறக்கிறாள், அம்மாவின் பெயரான ஜோன் என்பதையே வைக்கிறார்கள். அந்தச் சில நிமிடங்களுக்காக 2001-இல் இருந்து வந்த மூன்று எபிசோடுகளையும் பொறுத்துக்கொள்ளலாம்.

இந்தியர்கள் வரும் எபிசோட் ஒன்று இருக்கிறதாமே?

‘கேஷ் அண்ட் கறி’, முதல் சீசன், 1981. விமல், ராம் என்று இரண்டு இந்தியர்கள். ராமின் பரம்பரைச் சொத்தான ஒரு குபேரன் சிலை விமலிடம் இருக்கிறதாம். ராம் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுப்பார், ஆனால் இருவரும் வேறு வேறு சாதி, நேரில் பேசிக்கொள்ளக் கூடாது, நடுவில் ஓர் ஆள் வேண்டும். 2000 பவுண்டுக்கு வாங்கி 4000-க்கு விற்கலாம் என்று டெல் வீட்டுச் சாமானை எல்லாம் அடகு வைக்கிறான். பார்த்தால் சிலை சாதாரணக் கடைச் சரக்கு. விமலும் ராமும் கூட்டாளிகள், அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள். ஆங்கிலேயனின் அரைகுறைச் சாதி ஞானத்தையே முதலாகப் போட்டு அவனை ஏமாற்றும் கதை என்பதால் எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். குபேரன் பெயரில் நாமம் போட்டது கூடுதல் அழகு.

ஆனால் ஒன்று. அந்தக் காலத் தெருப் பேச்சு என்ற பெயரில் ஆசியர்களைக் குறிக்கும் மட்டமான சொற்கள் ஆரம்ப எபிசோடுகளில் வருகின்றன. மறுஒளிபரப்பில் சில இடங்களை வெட்டுகிறார்கள். வெட்டக் கூடாது என்று ஒரு கூட்டம் சண்டை போடும். அந்தச் சொல்லைக் காதில் வாங்காதவர்கள்தான் பெரும்பாலும் அப்படிச் சண்டை போடுகிறார்கள்.

பெக்கம் ஸ்பிரிங் தண்ணீர் விஷயம் நிஜத்தில் நடந்ததா?

நடந்த மாதிரிதான். ‘மதர் நேச்சர்ஸ் சன்’ 1992 கிறிஸ்துமஸ் எபிசோட். தாத்தாவின் பழைய தோட்டத்தில் ஊற்று கிளம்பியதாக ஊரை நம்ப வைத்து, வீட்டுக் குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து ‘பெக்கம் ஸ்பிரிங்’ என்று விற்கிறான் டெல். கடைசியில் பாட்டில் இருட்டில் ஒளிர்கிறது.

2004-இல் கோகோ கோலா நிறுவனம் பிரிட்டனில் தசானி தண்ணீரை அறிமுகம் செய்தது. அது லண்டனை ஒட்டிய சிட்கப்பில் குழாய்த் தண்ணீரைச் சுத்திகரித்து அடைத்தது என்று செய்தி வந்ததும் பத்திரிகைகள் ஒரே குரலில் டெல் பாயைக் கூப்பிட்டன. அடுத்து, புரோமேட் என்ற கெடுதலான ரசாயனம் அளவுக்கு மேல் இருப்பது தெரிந்து மார்ச்சில் அத்தனை பாட்டிலையும் திரும்பப் பெற்றார்கள். சல்லிவன் எழுதியிருந்தால் மிகை என்று சொல்லியிருப்போம்.

அதிகம் பேசப்படாத நல்ல எபிசோடுகள்?

‘தி அன்லக்கி வின்னர் இஸ்’ (1989). ராட்னி பதினான்கு வயதில் வரைந்த படத்தை டெல் போட்டிக்கு அனுப்பி வைக்க, மயோர்க்கா சுற்றுலாப் பரிசு கிடைக்கிறது. ஆனால் சிறுவர் பிரிவில். இருபத்தாறு வயது ராட்னி அங்கே பதினான்கு வயதுப் பையனாக நடிக்க வேண்டும், சின்னப் பசங்களோடு குழு விளையாட்டு. லாட்டரியில் பெரிய தொகை விழுகிறது, வயசு பத்தாது என்று அதுவும் போய்விடுகிறது.

‘டு ஹல் அண்ட் பேக்’ (1985). வைரம் கடத்த ஆம்ஸ்டர்டாமுக்குப் படகில் போகிறார்கள், வழிகாட்டி ஆல்பர்ட். நடுக்கடலில் எரிவாயு மேடையில் நிற்பவரிடம் ஹாலந்துக்கு எந்தப் பக்கம் என்று டெல் கத்திக் கேட்பது, ஆட்டோக்காரரிடம் பஸ் ஸ்டாண்ட் கேட்கிற அதே தொனியில்.

‘த யெல்லோ பெரில்’ (1982): திருட்டுப் பெயின்ட், கடைசியில் அம்மாவின் கல்லறை ராத்திரியில் ஜொலிக்கிறது. ‘டேஞ்சர் யூஎக்ஸ்டி’யும் (1989) பார்க்கலாம், ஆனால் குழந்தைகளோடு வேண்டாம், வெடிப்பவை என்ன பொம்மைகள் என்று விளக்க வேண்டிவரும்.

மோசமான எபிசோட்?

பெரும்பாலானோர் சொல்வது 1986-இன் ‘அ ராயல் ஃப்ளஷ்’. ராட்னிக்கு ஒரு பிரபுவின் மகளோடு பழக்கம், டெல் போய்க் குடித்துவிட்டு எல்லாவற்றையும் கெடுக்கிறான். இங்கே டெல்லின் கெடுதலுக்குப் பின்னால் பாசம் தெரிவதில்லை, வெறும் முரட்டுத்தனம். சிரிப்பொலியும் இல்லாமல் ஒளிபரப்பானதால் இன்னும் கசந்தது. சல்லிவனுக்கே திருப்தி இல்லை. டிவிடிக்காக இருபது நிமிடத்துக்கு மேல் வெட்டி, சிரிப்பொலி சேர்த்துத் திருத்தினார்.

பெக்கம் போனால் நெல்சன் மண்டேலா ஹவுஸைப் பார்க்கலாமா?

முடியாது. ஆரம்பத்தில் காட்டிய கட்டடம் மேற்கு லண்டன் ஆக்டனில் இருந்தது. பிற்காலத்தில் வந்தது பிரிஸ்டலில். வெளிப்புறக் காட்சிகள் நிறைய பிரிஸ்டலில்தான் எடுக்கப்பட்டன. கடற்கரைச் சுற்றுலா வரும் ‘ஜாலி பாய்ஸ் அவுட்டிங்’ பிடித்தவர்கள் மார்கேட் போகலாம், அது நிஜமாகவே மார்கேட்.

புதிதாகப் பார்ப்பவர் எதில் இருந்து தொடங்குவது?

முதல் எபிசோடில் இருந்து வேண்டாம். அப்போது இன்னும் சூடு பிடிக்கவில்லை. ‘அ டச் ஆஃப் கிளாஸ்’ பார்த்துவிட்டு இரண்டாவது சீசன் முழுவதும் பாருங்கள். அங்கிருந்து வரிசையாகவே போங்கள். தாத்தாவோடு கொஞ்ச நாள் பழகாமல் ‘ஸ்ட்ரெய்ன்ட் ரிலேஷன்ஸ்’ பார்ப்பது வீண். லண்டன் வட்டாரப் பேச்சு முதலில் பிடிபடாது, சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். டெல் பேசும் பிரெஞ்சு புரியவில்லை என்று கவலைப்பட வேண்டாம், பிரெஞ்சுக்காரருக்கும் புரியாது.

கிளைத் தொடர்கள் பார்க்கலாமா?

டெல்லின் நண்பன் பாய்சியையும் அவன் மனைவி மார்லினையும் கிராமத்துக்கு அனுப்பிய ‘த க்ரீன் க்ரீன் கிராஸ்’ (2005–2009) பொழுது போகாதபோது. அம்மா ஜோன் உயிரோடு இருந்த 1960-களைச் சொல்லும் ‘ராக் அண்ட் சிப்ஸ்’ (2010–2011) கட்டாயம்; அதில் ராட்னியின் உண்மையான அப்பாவாக நடித்திருப்பவர் நிக்கலஸ் லிண்ட்ஹர்ஸ்டேதான். அதன் கடைசிப் பகுதி 2011 ஏப்ரலில் வந்தது, சல்லிவன் காலமான அதே மாதம்.